பூம்பாறை டீக்கடை லைட்டர்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இப்போ ஒரு சத்தம் கேட்டிருப்பீங்க. டிங்குன்னு ஒண்ணு, சரக்குன்னு ஒண்ணு, கடைசியா டப்புன்னு ஒண்ணு. மூடியைத் திறந்தேன், சக்கரத்தைத் தேய்ச்சேன், மூடினேன். அவ்வளவுதான். இன்னைக்கு எபிசோட் லைட்டர் பத்தி.

முதல்லயே சொல்லிடறேன், நான் சிகரெட் பிடிக்கறதில்லை. பிடிக்கச் சொல்லவும் வரலை. லைட்டர் சேர்க்கிறேன்னு சொன்னதும் எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி இதுதான். பேனா சேர்க்கிறவங்க எல்லாம் கதையா எழுதறாங்க? அந்த மாதிரிதான் இதுவும். என்கிட்ட இப்போ 43 லைட்டர் இருக்கு. ஆனா இன்னைக்கு நான் சொல்லப்போறது 44-ஆவது லைட்டர் கதை. அது என்கிட்ட இல்லை. கொடைக்கானலுக்கு மேல பூம்பாறையில ஒரு டீக்கடையில இருக்கு. அது ஏன் அங்கேயே இருக்குங்கறதுதான் விஷயம்.

எங்க வீட்டுல லைட்டர்னா ஆகாது

என் ஊர் சாத்தூர் பக்கம். அந்தப் பக்கம் பிறந்தவங்களுக்குத் தெரியும், சாத்தூர், கோவில்பட்டி, சிவகாசி எல்லாம் தீப்பெட்டி ஊரு. 1922-ல அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேர் சிவகாசியில இருந்து கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க. அங்க ஆரம்பிச்சது, நூறு வருஷமா அந்த வறண்ட மண்ணுக்குச் சோறு போட்டுட்டு இருக்கு.

எங்கம்மாவும் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்தவங்க. எங்க ஊர்ல கம்பெனின்னு சொல்ல மாட்டோம், தீப்பெட்டி ஆபீஸ்தான். பத்து வயசுல போக ஆரம்பிச்சாங்க. விடியுறதுக்கு முன்னாடியே பஸ் வந்து தெருவுல ஹாரன் அடிக்கும், தூக்கத்துலயே ஏறி உக்காருவோம்னு சொல்வாங்க. குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986-ல. அம்மா அதுக்குப் பல வருஷம் முந்தி. சட்டத்துல குச்சி அடுக்கறது, பெட்டி ஒட்டறது, லேபிள் ஒட்டறதுன்னு எல்லா வேலையும் தெரியும்.

அதனால எங்க வீட்டுல லைட்டர் வாங்கவே மாட்டாங்க. கேஸ் அடுப்புக்குக்கூட ரொம்ப நாள் தீப்பெட்டிதான். 'ஒரு லைட்டர் வாங்கினா எத்தனை பெட்டி விக்காமப் போகுது தெரியுமா?'ன்னு கேப்பாங்க. அது சும்மா வீட்டுப் பேச்சு இல்லை. 2022 செப்டம்பர்ல முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய அரசுக்கு எழுதின கடிதத்துல, பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் ஒண்ணு 20 தீப்பெட்டிக்குப் பதிலா வந்துடுதுன்னு சொல்லித் தடை கேட்டார். 2023 ஜூன்ல, 20 ரூபாய்க்குக் கீழ விலையுள்ள லைட்டரை இறக்குமதி பண்ணக் கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு. அடுத்து 2024 அக்டோபர்ல உதிரி பாகங்களுக்கும் கட்டுப்பாடு. தீப்பெட்டி விலையையும் யோசிச்சுப் பாருங்க. 2007-ல ஒரு ரூபாய் ஆச்சு. அடுத்த உயர்வு 2021 டிசம்பர்ல, ரெண்டு ரூபாய். நடுவுல 14 வருஷம் அதே ஒரு ரூபாய்தான்.

இப்படிப்பட்ட வீட்டுல நான் எப்படி லைட்டர் சேர்க்க ஆரம்பிச்சேன்? மாமாவால. மாமா துபாய்ல இருந்தார். லீவுக்கு வரும்போது கோடாலித் தைலம், சென்ட் பாட்டிலோட ஒரு 'ஃபாரின் லைட்டர்' சட்டைப் பையில இருக்கும். அவர் தவறினதுக்கு அப்புறம் அந்த லைட்டரை யாரும் எடுத்துக்கல. அம்மா பழைய சாமானோட போட இருந்தாங்க. நான் எடுத்து வச்சுக்கிட்டேன். கல்லூரிக்கு வந்த பிறகுதான் அடியில எழுதியிருந்ததைப் படிச்சேன். இம்கோ, ஆஸ்திரியா.

ஒரு ஆஸ்திரியக் கதை

இம்கோ 1907-ல வியன்னாவுல ஆரம்பிச்ச கம்பெனி. முதல்ல செஞ்சது சட்டைப் பித்தான். முதல் உலகப் போருக்கு அப்புறம்தான் லைட்டர் பக்கம் வந்தாங்க. தகரத்தை மடிச்சு மடிச்சுச் செஞ்ச மாதிரி இருக்கும், அழகுன்னு சொல்ல முடியாது. ஆனா ஒரு விரல்ல தட்டினா மூடி திறக்கும், சக்கரம் சுத்தும், தீ வரும், எல்லாம் ஒரே அசைவுல. உள்ள இருக்கிற எண்ணெய்க் குப்பியைத் தனியா உருவி, ஒரு சின்ன விளக்கு மாதிரி பிடிச்சுக்கலாம். 2012-ல ஆஸ்திரியாவுல உற்பத்தியை நிறுத்திட்டாங்க.

ஜிப்போ கதையும் ஒரு ஆஸ்திரிய லைட்டர்லதான் தொடங்குது. 1932-ல அமெரிக்காவுல பிராட்ஃபோர்டுங்கற ஊர்ல ஜார்ஜ் பிளைஸ்டெல்னு ஒருத்தர், தன் நண்பர் ஒரு அசிங்கமான ஆஸ்திரிய லைட்டரை வச்சுக்கிட்டுத் தடுமாறறதைப் பார்த்தார். பார்க்க நல்லா இல்லை, ரெண்டு கையும் வேணும். ஆனா காத்துல அணையலை. இதையே ஒரு கையில பிடிக்கிற மாதிரி செஞ்சா என்னன்னு யோசிச்சார். 1933-ல முதல் ஜிப்போ வந்துச்சு, விலை 1 டாலர் 95 சென்ட். கெட்டுப் போனா காசு வாங்காம சரி பண்ணித் தருவோம்னு அன்னைக்குச் சொன்னதை இன்னைக்கும் சொல்லிட்டு இருக்காங்க.

இந்த ரெண்டுக்கும் உள்ள வேலை ஒண்ணுதான். பஞ்சு, அதுல ஊறின நாப்தா, மேல ஒரு திரி, பக்கத்துல ஒரு சக்கரம், சக்கரத்துக்கு அடியில ஒரு குட்டிக் கல். நாம கல்லுன்னு சொல்றோம், ஆனா அது சிக்கிமுக்கிக் கல் இல்லை. ஃபெரோசீரியம்னு ஒரு உலோகக் கலவை. சக்கரம் அதைச் சுரண்டும். சுரண்டின துகள் காத்து பட்டதும் தானா எரியும். அதுதான் பொறி.

இதைக் கண்டுபிடிச்சவரும் ஒரு ஆஸ்திரியர்தான், கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக், 1903-ல. பெயர் புதுசா இருக்கலாம், ஆனா இவரோட இன்னொரு பொருள் நமக்கு நல்லாத் தெரியும். பெட்ரோமாக்ஸ் லைட்டுல மாட்டற மேண்டில். ஆமா, 'பெட்ரோமாக்ஸ் லைட்டேதான் வேணுமா' பெட்ரோமாக்ஸ். மேண்டிலுக்குத் தோரியம் வேணும். அது மோனசைட்டுங்கற மணல்ல கிடைக்கும். தோரியத்தை எடுத்ததுக்கு அப்புறம் சீரியம் மாதிரி உலோகமெல்லாம் குப்பையா மிஞ்சும். அதை என்ன பண்றதுன்னு யோசிச்சப்போ வந்ததுதான் லைட்டர் கல்.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. 1909-ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூர்ல இருந்து போன கயிறுல ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். அதுல மோனசைட் இருந்துச்சு. மணல் எங்க இருந்து வந்துச்சுன்னு தேடிக்கிட்டு வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. ஆமாங்க, நம்ம கன்னியாகுமரி மாவட்டம். இன்னைக்கும் அங்க மத்திய அரசோட அரிய மணல் ஆலை ஓடிட்டு இருக்கு. லைட்டர் கல்லோட கதையில நம்ம கடற்கரையும் இருக்கு.

மலையில ஜெட் லைட்டர் தோத்துப் போச்சு

சரி, கொடைக்கானல். 2022 டிசம்பர். நாலு பேர், சென்னையில இருந்து ராத்திரி பஸ், வத்தலக்குண்டு வழியா மேல ஏறிட்டோம். டவுன்ல தங்கல. பூம்பாறையில ஒரு வீடு எடுத்திருந்தோம். அந்த ஊரைப் பார்த்திருக்கீங்களா? படிக்கட்டு மாதிரி வயல், வயல் முழுக்க மலைப்பூண்டு, நடுவுல குழந்தை வேலப்பர் கோயில்.

பஸ்லயே எனக்கு முதல் அடி. கிளம்பும்போது ஆசையா என் ஜிப்போவுல நாப்தாவை வழிய வழிய ஊத்தி ஜீன்ஸ் பையில வச்சுட்டேன். அது கசிஞ்சு, கொண்டை ஊசி வளைவுல எல்லாரும் வாந்தி வருதுன்னு பையைத் தேட, நான் தொடை எரியுதுன்னு சீட்டுல நெளிஞ்சுட்டு இருந்தேன். இறங்கிப் பார்த்தா தோல் செவந்து போச்சு. புதுசா வாங்கறவங்களுக்கு முதல் பாடம் இது. பஞ்சு நனைஞ்சா போதும். ஊத்தி முடிச்சதும் துடைச்சு, பத்து நிமிஷம் வெளிய வச்சிருந்து, அப்புறம்தான் பத்த வைக்கணும், அப்புறம்தான் பையில போடணும்.

மறுநாள் காலை அஞ்சரை மணி. குளிர்னா அப்படி ஒரு குளிர். ரோட்டோரம் ஒரு டீக்கடை. கடைக்காரத் தாத்தா விறகடுப்பைப் பத்த வைக்கப் போறார். நான் உடனே ஹீரோ மாதிரி என் ஜெட் லைட்டரை நீட்டினேன். நீல நிறத் தீ பீய்ச்சி அடிக்குமே, அது. கொஞ்சம் காஸ்ட்லி. அமுக்கினேன். டிக். மறுபடியும் டிக். டிக் டிக் டிக். பொறி வருது, தீ வரல. நண்பனோட பத்து ரூபாய் கேஸ் லைட்டர்ல ஒரு சின்ன நீல மொட்டு வந்துட்டு அணைஞ்சுச்சு.

தாத்தா ஒண்ணும் சொல்லல. ஸ்வெட்டர் உள்ள கையை விட்டு ஒரு லைட்டரை எடுத்தார். டிங். சரக். ஒரே தட்டு. பத்திக்கிச்சு.

ஏன் அப்படி? விஷயம் சிம்பிள். கேஸ் லைட்டர்ல இருக்கிறது பியூட்டேன். அது ஆவியாகுற வெப்பநிலை மைனஸ் அரை டிகிரி. சென்னையில 32 டிகிரியில அது பாட்டுக்குப் பொங்கிட்டு வரும். அஞ்சு டிகிரியில உள்ள அழுத்தமே இல்லாம சோம்பேறியா வரும். ஜெட் லைட்டருக்கு இன்னொரு சிக்கல். கேஸ் வேகமாப் பாயும்போதுதான் பக்கத்து ஓட்டை வழியா காத்தை இழுத்துக் கலக்கும். கொடைக்கானல் டவுனே சுமார் 2,100 மீட்டர் உயரம். காத்தழுத்தம் சென்னையை விட ஏறக்குறைய 20 சதவீதம் கம்மி. கேஸும் மெதுவா வருது, காத்தும் மெலிசா இருக்கு, கலவை சரியா அமையல, பொறி மட்டும் வீணா அடிக்குது. இதுக்கு வைத்தியம், லைட்டரை உள்ளங்கையில இல்லன்னா அக்குள்ள ஒரு அஞ்சு நிமிஷம் வச்சு சூடு பண்றது. ஆமா, கெத்து போயிடும். ஆனா பத்திக்கும்.

திரி லைட்டருக்கு அழுத்தமே தேவையில்லை. அகல் விளக்கு மாதிரி திரி தானா எண்ணெயை இழுக்கும், நுனியில எப்பவும் ஆவி நிக்கும். பொறியும் பெருசு. ஜிப்போவுல திரியைச் சுத்தி ஒரு பக்கத்துக்கு எட்டு ஓட்டையா 16 ஓட்டை வச்ச கூண்டு இருக்கும். காத்து உள்ள வரும், ஆனா தீயை ஊதி அணைக்கிற அளவுக்கு வராது.

தாத்தா வச்சிருந்தது அந்த மாதிரி ஒரு ஜிப்போதான்.

மூணு கோடு, ரெண்டு கோடு

டீ குடிச்சுக்கிட்டே, 'தாத்தா, அதைக் கொஞ்சம் பார்க்கலாமா?'ன்னு கேட்டேன். கொடுத்தார். குரோம் பூச்சு தேஞ்சு ஓரமெல்லாம் பித்தளை தெரியுது. திருப்பி அடியைப் பார்த்தேன். ஜிப்போங்கற எழுத்துக்கு இடது பக்கம் மூணு நேர்க்கோடு, வலது பக்கம் ரெண்டு.

லைட்டர் சேர்க்கிறவங்களுக்கு இது ஜாதகம் மாதிரி. ஜிப்போவுல வருஷத்தை அடியில குறியீடா போடுவாங்க. 1966-ல ரெண்டு பக்கமும் நாலு நாலு நேர்க்கோடு. ஒவ்வொரு வருஷமும் ஒரு கோடு குறையும். 1973-ல ஒரே ஒரு கோடுதான். அதுக்கு முன்னாடி கொஞ்ச காலம் புள்ளி, 1974-ல இருந்து சாய்ஞ்ச கோடு. 1986 நடுவுல இருந்து ரோமன் எண், கூடவே மாசத்துக்கு ஒரு எழுத்து. 2001-ல இருந்து நேரடியா வருஷத்தோட கடைசி ரெண்டு எண். மூணும் ரெண்டும்னா 1969.

'தாத்தா, இது 1969-ல செஞ்சது.'

அவர் கிளாஸ் கழுவறதை நிறுத்திட்டார். 'அதுலயே எழுதியிருக்கா?'

கோட்டை எண்ணிக் காட்டினேன். அவர் அப்புறம் சொன்னார். சின்ன வயசுல கொடைக்கானல்ல ஒரு வெளிநாட்டுக் குடும்பத்துக்கு டிரைவரா இருந்தாராம். கொடைக்கானல்ங்கற டவுனே 1845-ல அமெரிக்க மிஷனரிங்க வீடு கட்டித் தொடங்கினது. அப்புறம் 1901-ல பள்ளிக்கூடம் வந்துச்சு. அதனால அந்த ஊர்ல வெளிநாட்டுக் குடும்பங்க வரப்போக இருந்துட்டேதான் இருந்தாங்க. இவங்க 1975-ல ஊருக்குத் திரும்பும்போது அந்த ஐயா பையில இருந்ததை எடுத்து இவர் கையில கொடுத்துட்டுப் போயிட்டாராம்.

தாத்தா விரல் விட்டு எண்ணினார். 'அப்போ என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி ஆறு வருஷம் அவர் வச்சிருந்திருக்கார். நான் புதுசு வாங்கிக் கொடுத்தார்னுல்ல நெனச்சேன்.' கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு இருந்தார். 'பழகினதையே கொடுத்திருக்கார்.'

என் நண்பன் காதுல கிசுகிசுத்தான். 'மச்சான், கேளு.' நானும் கேட்டேன். 'தாத்தா, இதைக் கொடுப்பீங்களா? ஐநூறு ரூபாய் தர்றேன்.'

ஐநூறுன்னு நான் யோசிக்காமச் சொல்லல. நல்லா யோசிச்சுத்தான் சொன்னேன். அந்த வருஷத்து ஜிப்போ பல ஆயிரத்துக்குப் போகும்னு எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதுன்னும் தெரியும். பழைய சாமான் வாங்கற எல்லாருக்கும் இந்தத் தருணம் பழக்கம். மூர் மார்க்கெட் காலத்துல இருந்து பர்மா பஜார் வரைக்கும், விற்கிறவருக்குத் தெரியாத விலை வாங்கறவருக்குத் தெரியறதுலதான் பாதி சந்தோஷம். எங்க ஆளுங்க இதை 'வேட்டை'ன்னு சொல்லிப் பெருமையா பேசுவோம்.

தாத்தா தயங்கினார். 'கல்லு முடியப் போகுது தம்பி. இங்க கிடைக்கறதும் இல்லை. மதுரைக்கு யாராவது போனா சொல்லி விடணும்.' கொஞ்சம் யோசிச்சுட்டு, 'சரி, நீ ஆசைப்படறே, எடுத்துக்க'ன்னு சொல்லிட்டார். ஐநூறை வாங்கி டப்பாவுல போட்டுக்கிட்டார்.

குரோஸ் கணக்கு

அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட போன்ல பேசும்போது பெருமை தாங்கல. அம்மாவுக்கு லைட்டர் பிடிக்காதுன்னு தெரிஞ்சும் சொன்னேன். 'அம்மா, ஐம்பத்து மூணு வருஷப் பழசு. ஐநூறு ரூபாய்க்கு வாங்கினேன். வெளிய பல ஆயிரம்.'

அம்மா கேட்டாங்க. 'அது அவருக்குத் தெரியுமாய்யா?'

'தெரியாதும்மா. அதான் விஷயமே.'

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிக்னல் போயிடுச்சோன்னு நெனச்சேன். அப்புறம் பேசினாங்க.

'எங்களுக்கு அப்போ குரோஸ் கணக்குலதான் கூலி. ஒரு குரோஸ்னா 144 பெட்டி. எனக்குப் பத்து வயசு, நூறுக்கு மேல எண்ணத் தெரியாது. ஏஜென்ட் எண்ணுவார். எண்ணி முடிச்சு, பத்து குறையுது, இன்னும் ஒட்டுன்னு சொல்வார். நானும் ஒட்டுவேன். ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா கூட உக்காந்து எண்ணிக் காமிச்சா. சரியாத்தான் இருந்திருக்கு. தெனமும் சரியாத்தான் இருந்திருக்கு.'

'ஏமாத்திட்டாரா?'

'பத்துப் பெட்டிக்கு என்ன காசு வந்துடப் போகுது. அதில்லைய்யா. எனக்கு எண்ணத் தெரியாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குல்ல. அதை நெனச்சாத்தான் இன்னைக்கும் வயிறு எரியுது.'

என்னைத் திட்டவே இல்லை. சாப்பிட்டியா, ஸ்வெட்டர் போட்டுக்கோன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. நான் அந்த லைட்டரை மேஜையில வச்சுட்டுப் பார்த்துட்டு இருந்தேன். காலையில தாத்தா விரல் விட்டு ஆறு வருஷம் எண்ணினதுதான் ஞாபகத்துக்கு வந்துட்டே இருந்துச்சு. கோட்டை எண்ண நான்தானே அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். விலையை மட்டும் சொல்லல.

மறுநாள் விடிஞ்சதும் போயிட்டேன். 'தாத்தா, நேத்து நான் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லல'ன்னு ஆரம்பிச்சு, விலையைச் சொன்னேன். போன்ல அதே மாதிரி லைட்டர் என்ன விலைக்குப் போயிருக்குன்னும் காட்டினேன். அவர் நிதானமா பார்த்தார்.

'அப்போ நீ ஏன் திரும்பி வந்தே?'

'எங்கம்மா.'

சிரிச்சார். டப்பாவைத் திறந்து ஐநூறை எண்ணிக் கொடுத்தார், எல்லாம் பத்தும் இருபதுமா. 'டீக்காசு பதினஞ்சைக் கழிச்சுக்கவா?'ன்னு வேற கேட்டார். நேத்து அவசரத்துல டீக்குக் காசு கொடுக்காமலே வந்திருக்கோம். வேட்டை ஜோர்ல!

சரியான விலைக்கே வாங்கிக்கறேன்னும் சொல்லிப் பார்த்தேன். 'பேத்தி திண்டுக்கல்ல படிக்கிறா. இவ்வளவு விலைன்னா அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்ல'ன்னுட்டார். என் பையில எப்பவும் கல்லும் திரியும் இருக்கும். அங்கேயே உக்காந்து மாத்திக் கொடுத்தேன். அடி ஸ்க்ரூவைக் கழட்டினா உள்ள பழைய கல் பாதி மாவாகி ஒட்டிக் கிடந்துச்சு. குண்டூசியால சுரண்டி எடுத்தேன். பைக் பெட்ரோல் ஊத்தாதீங்கன்னு சொல்லி, என்கிட்ட இருந்த நாப்தா டப்பாவையும் கொடுத்துட்டு வந்தேன்.

சேர்க்க நினைக்கிறவங்களுக்கு

நிறைய பேர் எப்படி ஆரம்பிக்கறதுன்னு கேக்கறீங்க. சுருக்கமா சொல்றேன்.

முதல்ல வீட்டுல தேடுங்க. மாமா, சித்தப்பா, தாத்தா பீரோவுல ஒண்ணு கண்டிப்பா கிடைக்கும். பழசு வாங்கும்போது மூடியும் உள் பகுதியும் ஒரே காலமான்னு பாருங்க. கீல் ஆடுதா, கல் குழாய் அடைச்சிருக்கான்னு பாருங்க. அலமாரியில வைக்கறதுன்னா நாப்தாவைக் காய விட்டு, கல்லைக் கழட்டிட்டு வைங்க. இல்லன்னா கல் உள்ளேயே உப்பி மாவாயிடும், எடுக்க உயிர் போகும். கேஸ் லைட்டரை வெயில்ல நிக்கிற கார்ல விடாதீங்க. விமானத்துல கொண்டு போக முயற்சி பண்ணாதீங்க, செக்யூரிட்டியில எடுத்து வச்சுக்குவாங்க. என் ஒரு இம்கோ அப்படித்தான் போச்சு.

பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் பத்தி நான் அம்மா கட்சிதான். கொடைக்கானல்ல எந்த வியூ பாயின்ட்ல எட்டிப் பார்த்தாலும் புல்லுக்குள்ள நாலு கிடக்கும். அதை ரிப்பேர் பண்ண முடியாது, மக்கவும் மக்காது. ஒரு தீக்குச்சி மக்கிடும். அந்தக் காசு நம்ம ஊர்ப் பெண்களுக்கும் போகும். இப்போ என் வீட்டுல விளக்கேத்த, அடுப்புப் பத்த வைக்க எல்லாத்துக்கும் தீப்பெட்டிதான். லைட்டர் சேர்க்கறது வேற, எறியறதுக்குன்னே வாங்கறது வேற.

கடைசியா ஒண்ணு. மாசி, பங்குனியில மலைக்குப் போறவங்க லைட்டரைக் காட்டுக்குள்ள எடுத்துட்டுப் போகாதீங்க. நானும் எடுத்துட்டுப் போறதில்லை. அந்த மாசத்துல புல்லு மொறுமொறுன்னு காஞ்சு கிடக்கும், பைன் சருகும் யூகலிப்டஸ் சருகும் கால் புதையக் கிடக்கும். 2018 மார்ச் 11, பக்கத்து மலையான குரங்கணி. மலையேறப் போனவங்கள்ல 23 பேர் காட்டுத்தீயில போயிட்டாங்க. நம்மள மாதிரி சென்னையில இருந்தும், ஈரோடு பக்கம் இருந்தும் போன ஆளுங்க. ஜிப்போவை நாம மூடற வரைக்கும் அது எரிஞ்சுட்டே இருக்கும். கையில இருந்து விழுந்தாலும் எரியும். அதோட நல்ல குணமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

போன வருஷம் மார்ச்ல மறுபடியும் பூம்பாறை போனேன். தாத்தா கடையில லைட்டர் இருந்துச்சு. பேத்தி விற்க வேண்டாம்னு சொல்லிட்டாளாம். யாரும் பையில போட்டுட்டுப் போயிடக் கூடாதுன்னு, அந்தக் காலத்துப் பெட்டிக்கடையில பீடி பத்த வைக்கக் கயிறு தொங்குமே, அந்த மாதிரி ஒரு நூல்ல கட்டித் தொங்க விட்டிருந்தார். நான் நிக்கும்போதே ரெண்டு பசங்க வந்து, காட்டுப் பக்கம் போறோம், வழியில பத்த வச்சுக்கறோம், தீப்பெட்டி இருக்கான்னு கேட்டாங்க. 'இங்கேயே குடிச்சு, என் கண்ணு முன்னாடி அணைச்சுட்டுப் போங்க. இந்த மாசம் தீப்பெட்டி விக்கறதில்லை'ன்னுட்டார்.

அம்மாவுக்கு அந்த லைட்டரோட போட்டோவை அனுப்பினேன். 'நூலு நல்லா இறுக்கமா கட்டியிருக்காரு'ன்னு பதில் வந்துச்சு.

உங்க வீட்டு பீரோவுல என்ன லைட்டர் இருக்கு, யாரோடது, அடியில எத்தனை கோடு இருக்குன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.